பின்சீட்டுக்கு ஒரு பிரேக்

உலகத்தில் மூன்று வகை மோட்டார் சைக்கிள் உண்டு. ஓட்டுகிறவர் நினைத்தால் நிற்பது, யார் நினைத்தாலும் நிற்காதது, நின்றால் மறுபடி கிளம்பாதது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் நிற்கிற வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்பதுகளில் அது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் தினசரி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவிலேயே அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன். இல்லை என்கிறவர்கள் வண்டியோடு என் வீட்டுக்கு வரட்டும், காபி கொடுத்துப் பேசிக்கொள்கிறேன்.

அந்த வண்டிக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. தெருவில், ஆபீசில், வழியில் இருந்த அத்தனை டீக்கடைகளிலும் அவர் ரெட்டை பிரேக்கு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் சாதாரணமாக "இன்னா?" என்று திரும்புவார்.

விழுப்புரத்தில் பாசன ஆபீஸ் ஒன்றில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். ஏரி, மதகு, வாய்க்கால் என்று டிரேசிங் பேப்பரில் வரைந்து தள்ளுவது வேலை. நான் அதே ஆபீசில் கிளார்க். திண்டிவனத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு, எதிரெதிர் வீடு. அதனால் பஸ் படிக்கட்டில் தொங்காமல் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆபீஸ் போகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. பாக்கியம் என்று சொன்னதை இன்னும் கொஞ்ச நேரத்தில் வாபஸ் வாங்கிக்கொள்வேன்.

வண்டி கறுப்பு. கம்பெனி பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தக் கம்பெனிக்கே அது தங்கள் வண்டி என்று அடையாளம் தெரியாது. ஹாரன், கண்ணாடி, சீட்டு, சைலன்ஸர், ஹேண்டில்பார் எல்லாமே வெளியில் வாங்கி இவர் மாட்டியவை. கேட்டால், "கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் சேத்து ஒரே வண்டியா செய்றான் சார். என்னக் கேட்டுக்கினா செஞ்சான்?" என்பார். எனக்கு அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது.

கம்பெனி கொடுத்ததில் அவர் மாற்றாதது ஒன்றே ஒன்று, பெட்ரோல் டேங்க். அதன் மேல் மனிதருக்கு அப்படி ஒரு ஆசை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் டேங்கைத் துடைப்பார். சாதாரணத் துணி கீறிவிடும் என்று மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவை முந்தானையில் ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். வெயிலில் நிறுத்த நேர்ந்தால் தோள் துண்டை எடுத்து டேங்குக்குப் போர்த்திவிட்டுத் தான் தலை காய நிற்பார். ஒருநாள் யோசிக்காமல் என் டிபன் பாக்ஸை அதன் மேல் வைத்துவிட்டேன். அன்றைக்கு விழுப்புரம் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

அந்தப் பட்டுப்புடவைக்குச் சொந்தக்காரிதான் தனம் அக்கா. தெருவுக்கே அக்கா. அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் மறுபேச்சு இருக்காது. புடவையை வெட்டியதற்குக்கூட அவள் கோபப்படவில்லை. "எனக்குக் கட்டிக்க நேரம் ஏது, அதுவாவது கட்டிக்கினு போவட்டும்" என்று வண்டியைக் காட்டிச் சொன்னாளாம். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் கோபம் வந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஓமந்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. போய்விட்டு இரண்டு பேரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அறுப்புக் காலம். எங்கள் பக்கத்தில் கதிரடிக்கத் தனியாகக் களம் தேடுவதில்லை. தார் ரோட்டிலேயே கேப்பைக் கதிரைப் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும், கூலியே வேண்டாம். பெரிய வண்டிக்கு அது மெத்தை. இரண்டு சக்கரத்துக்கு அது வழுக்குமரம். இவர் வேகத்தைக் குறைக்காமல் ஏறினார், வண்டி சறுக்கியது, ஆளுக்கொரு பக்கமாக விழுந்தார்கள். கதிர் மேல் விழுந்ததால் பெரிய அடி இல்லை. அக்காவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, பை நிறைய வாங்கி வந்த பலகாரம் ரோடெல்லாம்.

இவர் எழுந்தார். வண்டியைத் தூக்கினார். ஸ்டாண்டு போட்டார். பட்டுத் துணியை எடுத்து டேங்கைத் துடைத்து, இந்தப் பக்கம் குனிந்து பார்த்து, அந்தப் பக்கம் குனிந்து பார்த்து, கீறல் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணி ஒரு முறுக்கு முறுக்கிச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு திரும்பி, "தனம், வா, ஏறு" என்றார். அதற்குள் கேப்பைக்குச் சொந்தக்காரம்மா ஓடிவந்து அக்காவைக் கைகொடுத்துத் தூக்கி, தண்ணீர் கொடுத்து, ஓரமாக உட்காரவைத்திருந்தாள். அக்கா ஏறவில்லை. நடந்துபோய் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் உட்காரவில்லை. இவர் ஏன் ஏன் என்று குடைந்தபோது, "பயமா இருக்குது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆனால் தண்ணிக் குழாயடியில் என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "மொதல்ல வண்டியத் தூக்குனாரும்மா. நான் அங்க கெடக்கறேன், அவரு டேங்கு தொடைக்கிறாரு." அடுத்த குடம் நிரம்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கூடவே அக்கா ஒரு கட்டளையும் போட்டாள். யாரும் இதை அவரிடம் சொல்லக்கூடாது. அவருக்கே தானாகத் தெரிய வேண்டும். தெரிகிற வரைக்கும் அவள் ஏறப்போவதில்லை.

எங்கள் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ரகசியமும் ஒருவேளைச் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் தாங்கியதில்லை. இந்த ஒன்றை மட்டும் அத்தனை பேரும் வருஷக்கணக்காகக் கட்டிக் காத்தார்கள். என் வாய் மேல் என் மனைவிக்கு நம்பிக்கை கிடையாது. கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

மறுநாள் காலை ஆபீஸ் போகும் வழியில் அவர் தன் முடிவைச் சொன்னார்.

"பயம்னா இன்னா சார்? வண்டி நம்ம கையில இல்லன்ற நெனப்பு. ஓட்றவனுக்குக் கையில ஒரு பிரேக்கு, கால்ல ஒரு பிரேக்கு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு இன்னா இருக்குது? ஒண்ணுமில்ல. கம்பியப் புடிச்சிக்கினு சாமிய வேண்டிக்கினு வர்றாங்க. தனம் கையில ஒரு பிரேக்கக் குடுத்துட்டா?"

உண்மை எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. கற்பூரம் ஞாபகம் வந்தது. "நல்ல ஐடியா சார்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய்தான் எங்கள் ஊர் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியர். இவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சார், பேஜாரு பண்ணாதீங்க. பின்னாடி உக்கார்றவன் பிரேக்கப் புடிச்சா முன்னாடி இருக்கறவன் எதுக்கு? அவன் டீ குடிக்கப் போலாமே" என்று சொல்லி வேலையை மறுத்துவிட்டார். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்கூட்டருக்குப் போடுகிற கிளட்ச் வயர் ஒன்றை வாங்கிவந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து தானே ஆரம்பித்தார்.

அதற்கு முன் அக்காவை வீட்டு பெஞ்சில் ஒருசாய்த்து உட்காரவைத்து அளவெடுத்தார். பின்சீட்டில் நம் பெண்கள் உட்காருகிற மாதிரி, இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு. கை எங்கே வரும், விரல் எவ்வளவு நீளும் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். அக்கா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியபடியே அளவு கொடுத்தாள். அந்த அளவுக்குத்தான், இரண்டு சீட்டுக்கும் நடுவில் லீவர் மாட்டினார். அங்கிருந்து வயர் சீட்டுக்கு அடியில் ஓடி, பின்சக்கர பிரேக்கில் போய்ச் சேர்ந்தது.

இப்போதுதான் எனக்கு வந்தது வினை. லீவர் ஒருசாய்த்து உட்காருகிறவர்களுக்காக அமைந்தது. ஆண்பிள்ளை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் அந்த லீவர் எங்கே வந்து இடிக்கும் என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஒரு மேடுபள்ளம் போதும், ஆயுசுக்கும் நினைவிருக்கும். ஆகவே நானும் பெண்பிள்ளை மாதிரி இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு, மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஊர்வலம் போனேன். விக்கிரவாண்டி டீக்கடைக்காரன் ஒருநாள், "இன்னா சார், இன்னிக்குப் பூ வெச்சிக்கல?" என்று கேட்டான். பாக்கியம் என்று சொன்னதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"டெஸ்ட்டு பண்ணணும் சார். நீங்க எப்பப் புடிக்கணும்னு தோணுதோ அப்பப் புடிங்க" என்று எனக்கு முழு அதிகாரம் கொடுத்திருந்தார். கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வருகிற மாதிரி தோன்றியது. பிடித்தேன். வண்டி நின்றது. பின்னால் வந்த லாரியும் ஒரு விரற்கடையில் நின்றது. லாரிக்காரன் இறங்கிவந்து முன்னால் இருந்தவரைத் திட்ட ஆரம்பித்தான். இவர் அமைதியாக என்னைக் காட்டி, "பிரேக்கு அவரு டிபார்ட்மெண்ட்டு" என்றார். மிச்சத் திட்டு முழுவதும் எனக்கு வந்தது.

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவி, ஆளாளுக்கு ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எங்கள் சூப்பரிண்டெண்ட் பெரிய பக்திமான். ஒருநாள் ஏறினவர், வழியில் ஒரு கோயில் விடாமல் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ரோட்டில் பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் பஞ்சமா? காலையில் கிளம்பியவர்கள் ஆபீஸ் வந்து சேரும்போது நாங்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். இவருக்குக் கோபமே வரவில்லை. "எத்தினி தபா புடிச்சாரு, வயர் ஒண்ணும் ஆவல பாத்தீங்களா?" என்று பெருமைப்பட்டார். சாயந்திரம் திரும்பும்போது என் கையில் அறுந்தது.

ஆபீசிலும் அவருக்கு இதே நினைப்புதான். ஒலக்கூர் பக்கம் ஒரு ஏரி மதகுக்கு வரைபடம் தயாராகி மேலிடத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மதகின் கதவு, திருகு, படி எல்லாம் சரி, ஆனால் கரை மேல் ஒரு சீட்டும் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவரும் எதற்கு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சூப்பரிண்டெண்ட் அவரைக் கூப்பிட்டார். இவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "லீவர் ரெண்டு இஞ்சு முன்னாடி வரணும் சார், தப்பா போட்டுட்டேன்" என்றார்.

வயர் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு தடவையும் வாசலில் வண்டியை நிறுத்தி, "தனம், ரெடி. ஏறிப் பாக்கறியா?" என்று கேட்பார். எதிர்வீட்டு ஜன்னலில் நானும் என் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒருநாளாவது இந்த மனுஷன் அந்தக் கேப்பைக் கதிரை நினைத்துப் பார்க்கமாட்டாரா, 'அன்னிக்கு உன்ன வுட்டுட்டு வண்டியத் தூக்குனேனே' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இருக்கும். அக்காவும் வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் லீவரையே பார்ப்பார். "பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

"வயர் மேல நம்பிக்கை வரல சார் அவளுக்கு. நியாயம்தான். கார்ல வயரா இருக்குது? ஆயில் லைன் போட்டுடுவோம்" என்றார் என்னிடம்.

கார் பிரேக் எண்ணெயில் வேலை செய்கிறது. அழுத்தினால் ஒரு சின்ன உருளையில் இருக்கும் எண்ணெய் குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தைப் பிடிக்கும். அதை அப்படியே மோட்டார் சைக்கிளில் பொருத்துவது என்று முடிவு பண்ணி, மெட்ராஸ் போய், புதுப்பேட்டையில் பழைய கார் சாமான்களைக் கிளறி, உருளையும் ரப்பர் குழாயும் வாங்கிவந்தார். இந்தத் தடவை பாய்கூட வந்து எட்டிப் பார்த்தார். வேலையில் அத்தனை சுத்தம். "ஆளு லூசுதான், ஆனா கையி ஜோரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அந்த எண்ணெய் லேசுப்பட்டதில்லை. பெயிண்டைத் தின்றுவிடும். மாட்டும்போது ஒரு சொட்டு தெறித்து டேங்கில் விழுந்து, மிளகளவு கறுப்பு உரிந்து தகரம் தெரிந்தது. அன்று அவர் ஆபீசுக்கு வரவில்லை. வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். நான் பதறிப்போய் அக்காவுக்கு என்ன என்று கேட்கப் போனால், அக்கா அடுப்படியில் நன்றாகத்தான் இருந்தாள். அவர் டேங்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்க் குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. காற்றை எடுக்க, ஒருவர் மேலே லீவரை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் கீழே சக்கரத்துக்கு அடியில் படுத்து ஒரு திருகைத் திறந்து திறந்து மூட வேண்டும். இவர் கீழே படுத்துக்கொண்டார். நான் அழுத்தினேன், கை விட்டுப்போனது. என் மனைவி அழுத்தினாள். பக்கத்து வீட்டார், அவருக்கும் பக்கத்து வீட்டார், தபால் கொடுக்க வந்தவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார், பால் ஊற்ற வந்தவர், எல்லாரும் வரிசையாக அழுத்தினோம். "அழுத்து... புடி... வுடு" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. காற்று வெளியே வந்தபாடில்லை.

அக்கா வாசலில் வந்து நின்றாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்தாள். எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு லீவரைப் பிடித்தாள்.

"ஆங்... இது கை" என்றது கீழேயிருந்து குரல். "இவ்ளோ நேரம் எவன் புடிச்சிக்கினு இருந்தான், சோத்துக்கு செத்தவன் மாதிரி?"

காற்று போய்விட்டது. பிரேக் கல்லு மாதிரி பிடித்தது. அவர் எழுந்து பார்த்தால் எதிரில் தனம் அக்கா. அவள்தான் சொன்னாள், "வெள்ளிக்கெழம மயிலம் முருகங்கோயிலுக்குப் போவலாம். பூசை போட்டு வண்டிய எடுங்க."

தெருவில் எல்லாரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை. அன்று சாயந்திரம் அக்கா என் மனைவியிடம் சொன்னதை அவள் வந்து சொன்னபோது எனக்கே சோறு இறங்கவில்லை. பிரேக்குக்காக ஒத்துக்கொள்ளவில்லையாம். "அந்தக் கையப் பாத்தா பாவமா இருக்குதும்மா. இனிமே அவருக்கு எங்க தெரியப் போவுது? தெரியாமலே போவட்டும், வுடு" என்று சொன்னாளாம். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா தோத்துட்டா" என்றாள். அன்று முழுக்க உலகத்துப் புருஷன்மார் சார்பில் நான் திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி நின்றது. ஹேண்டில்பாரில் கதம்பம், சக்கரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். குருக்கள் டேங்கில் குங்குமம் வைக்க விரலை நீட்டியபோது இவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே ஹெட்லைட்டில் வைத்துவிட்டார். சுற்றித் தண்ணீர் தெளித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். தெருவே திரண்டு நின்றது. அக்கா மாம்பழக் கலர் புடவையில் வந்து, ஒருசாய்த்து ஏறி உட்கார்ந்து, லீவரில் கை வைத்தாள். அவர் அளவெடுத்த இடத்தில் கை கச்சிதமாகப் பொருந்தியது.

வண்டி நகர்ந்தது. எலுமிச்சம்பழம் பட்டென்று நசுங்கியது. அக்கா திடுக்கிட்டு லீவரை இருக்கிற பலமெல்லாம் சேர்த்துப் பிடித்துவிட்டாள்.

அந்த ஆயில் லைன் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பின்சக்கரம் இருந்த இடத்தில் இறுகியது. ஈரத் தரையில், எலுமிச்சைச் சாற்றில், வண்டி வழுக்கி இடது பக்கம் சாய்ந்தது. அக்கா சறுக்கி இறங்கி, நாலடி தள்ளிக் கோலத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் வலது பக்கம் குதித்து விழுந்தார். நடுவில் வண்டி படுத்துக் கிடந்தது. உருளை மூடி கழன்று, அந்தப் பாழாய்ப்போன எண்ணெய் வழிந்து டேங்கை நோக்கி ஓட ஆரம்பித்தது.

ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். தெருவில் ஒரு ஆள் அசையவில்லை. எல்லாருக்கும் தெரியும். குருக்கள் தட்டோடு நின்றார். என் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அக்கா விழுந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். குனிந்தார். கை வண்டிப் பக்கம் போனது. "போச்சு" என்றாள் என் மனைவி.

கை ஹேண்டில்பாரைப் பிடித்தது, தூக்குவதற்கு இல்லை, ஊன்றிக்கொள்வதற்கு. செருப்புக் காலைத் தூக்கி டேங்கின் நட்டநடுவில் வைத்து, டங்கென்று சத்தம் வர மிதித்து ஏறி, அந்தப் பக்கம் குதித்து, கோலத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அடி? எங்க? கைய ஆட்டு பாக்கலாம். காலு? காலு வலிக்குதா? தலையில பட்டுதா?"

அக்கா அழ ஆரம்பித்தாள். குருக்கள் பொறுக்கமாட்டாமல், "சார், எண்ணெய் டேங்க் மேல ஊத்தறது" என்றார்.

"ஊத்தட்டும் சாமி."

"போங்க" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "போயி வண்டியத் தூக்குங்க."

"வண்டி கெடக்குது. நீ மொதல்ல எழுந்திரு" என்று அவளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

அப்புறம்தான் நாங்கள் அசைந்தோம். வண்டியை நானும் பால்காரரும் நிமிர்த்தினோம். டேங்கில் அவர் செருப்பு வைத்த இடம் குழிந்திருந்தது. எண்ணெய் ஓடிய வழியெல்லாம் கறுப்பு உரிந்து தகரம் பல்லிளித்தது. தெருவில் அத்தனை பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். குருக்களுக்குக்கூடக் கற்பூரப் புகையோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. அவர் எல்லாரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவல, ஏன் அல்லாரும் அழுவறீங்க?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாள். லீவர் பக்கம் கை போகவே இல்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே மயிலத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வண்டியில் போகாத ஊர் தென்னாற்காடு ஜில்லாவில் இல்லை.

ஆயில் லைனால்தான் அவள் பயம் போனது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆபீசில் எவனாவது வீட்டில் சண்டை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், பக்கத்தில் உட்காரவைத்து, "பின்சீட்டுக்கு ஒரு பிரேக்கு போட்டுக் குடுப்பா, அல்லாம் சரியாப் பூடும்" என்பார். சொன்னதோடு நிற்காமல் படமும் வரைந்து கொடுப்பார். இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு பாயிடம் போய்த் திட்டு வாங்கியது எனக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆகி வளவனூர் பக்கம் போய்விட்டார்கள். போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், விக்கிரவாண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார். "ஏன் சார், அன்னிக்குக் கோயில் வாசல்ல தனம் ஏன் அப்படி அழுதா? அடியே படலியே."

எத்தனையோ வருஷமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை. தெரிந்துகொண்டு ஒன்றைச் செய்வது எல்லாராலும் முடியும். இவர் எதுவுமே தெரியாமல், அந்த நிமிஷத்தில், தன் உயிரான டேங்கை மிதித்துக்கொண்டு போனாரே, அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. "பயத்துல அழுதிருப்பாங்க சார்" என்றேன். "அதான் நானும் நெனச்சேன்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மிச்ச டீயைக் குடித்து வண்டியை எடுத்தார்.

அந்த மனுஷன் இப்போது வந்து ஏறு என்றால், எங்கே போகிறோம் என்று கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவேன், ஒருசாய்த்து உட்காரச் சொன்னாலும் சரி.